மீனின் மறுபக்கம்

ஆகஸ்ட் பதினைந்து, காலை பதினொன்று நாற்பது. மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. சீனத்துப் பெய்ஷா துறைமுகத்தில் நூற்றுச் சொச்சம் படகுகள் புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றன. அவற்றில் ஒன்றின் சொந்தக்காரர் லியென் தியென்ஷோ. மகனுக்கு இந்தப் பெண்ணை எடுப்பதா வேண்டாமா என்பதை ஒரு வேளைச் சாப்பாட்டில் முடிவு செய்துவிட்டு, மறுநாள் அதே மகனோடு கடலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

பெண்ணின் தகப்பனார் கெங் தெஷான் ஷான்ஷியிலிருந்து முப்பத்தோரு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார். நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். கடலை முந்தினநாள்தான் பார்த்தார். பெரிதாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

மகள் யுன் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு மாதமாகப் போனில் ஒரே பாடம்.

"அப்பா, மீன் வந்தா மேல்பக்கத்தைச் சாப்பிடணும். அப்புறம் நடுமுள்ளை எடுத்துட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிடணும். மீனைப் புரட்டக் கூடாது."

"சரிம்மா."

"அந்த வார்த்தையையும் சொல்லக் கூடாது. மீன் புரண்டா படகு புரளும்னு அர்த்தம். லியென் மாமாவோட தம்பி அப்படித்தான் போனார். சொன்னாலே எந்திரிச்சுப் போயிடுவார்."

"நீ சொல்றியே."

"நான் போன்ல சொல்றேன்."

கெங் பழகிக்கொண்டார். ஒரு மாதம் தட்டில் ரொட்டியைக்கூடத் திருப்பாமல் தின்றார். ஒரு பக்கம் கருகிய ரொட்டியை ஏன் அப்படியே விழுங்குகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். சொல்ல வார்த்தையில்லை. அந்த வார்த்தைதான் கூடாதே.

ஒரே ஒரு தப்பு செய்தார். விருந்து பெண் வீட்டுச் செலவு என்று, மேசையிலேயே கொதிக்கவைத்துத் தின்கிற துறைமுகத்து ஹாட் பாட் கடையில் மேசையைத் தன் பெயரில் பிடித்தார். தன் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தார்.

வாசலில் கடை முதலாளியம்மா ஜுவோ அட்டையை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அடடா, வெளியூரா?" என்றாள். "மாப்ள பேர்ல போட்டிருக்கக் கூடாதா? இப்ப நீங்க பயணி ஆயிட்டீங்களே."

"நான் சம்பந்தம் பேச வந்தவன்மா."

"எனக்குத் தெரியுதுங்க. மெஷினுக்குத் தெரியாதே."

சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். 'கடலுணவு ஹாட் பாட் அருந்தும் பயணிக்கு வழிகாட்டி. நாற்பத்தோரு விதிகள். வெளியீடு: பயணியர் நம்பிக்கை அலுவலகம்.' கூடவே ஒரு ரப்பர் ஏப்ரன். ஒரு உருட்டுக்கட்டை. கட்டையில் அரசு முத்திரையும் வரிசை எண்ணும் இருந்தன.

"இது எதுக்கும்மா?"

"ஒன்பதாவது விதிங்க," என்று சொல்லிவிட்டு அவள் குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டாள். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

உள்ளே பதினாறு மேசை. பத்தில் உள்ளூர்க்காரர்கள் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து அமைதியாகத் தின்றார்கள். ஆறில் பயணிகள். அங்கே டப், டப் என்று சத்தம்.

ஹெனானிலிருந்து வந்த மூன்று பாலர் பள்ளி டீச்சர்கள் ஒரு சிங்கி இறாலைச் சுற்றி நின்றார்கள். "அசையாம இருக்கணும், கண்ணு," என்றார் மூத்த டீச்சர் வகுப்புக் குரலில். கட்டையை இறக்கினார். இறால் அசைந்தது. கட்டை தட்டை உடைத்தது.

அடுத்த மேசையில் தேனிலவுத் தம்பதி. பெண் ஒரு விலாங்கை அடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை புத்தகம் படித்தான்.

"'முகத்தில் புன்னகை மாறாமல்'னு போட்டிருக்கு."

"சிரிச்சுக்கிட்டுத்தான்டா அடிக்கிறேன்!"

மூலையில் தனியாக ஒருவர். முழங்கை வரை ஒரு பேய்க்கணவாய் சுற்றியிருந்தது. மற்றக் கையால் படிவம் எழுதிக்கொண்டிருந்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பயணிகள் அடுத்த மேசையைப் பார்க்கக் கூடாது என்பது பதினொன்றாவது விதி.

லியென் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். கறுத்த மனிதர். கழுத்து நங்கூரக் கயிறு மாதிரி. பக்கத்தில் மகன் ஆஃபெங், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில் மூச்சு முட்டிக்கொண்டு. லியெனின் மனைவி கடல்தாய் கோயிலில் ஊதுவத்தி ஏற்றப் போயிருந்தாள். படகு கிளம்புவதற்கு முதல்நாள் அவள் வேறெங்கும் போவதில்லை.

"வீட்டம்மா வரலியா?" என்றார் லியென்.

"அவளுக்கு ரயில் ஆகாதுங்க. ஏறினாலே வயித்தப் பு..."

மேசைக்கடியில் யுன் உதைத்தாள்.

"...பிசையும்," என்றார் கெங்.

லியென் பேச்சை மாற்றினார்.

"லாரியா ஓட்றீங்க?"

"முப்பது வருஷமா."

"அதுல என்ன ஆபத்து? தரையிலதானே போறீங்க."

"ஒரு தடவை மலைப்பாதையில..." கெங் நிறுத்தி, பொருத்தமான சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. "அந்த வார்த்தை ஆயிடுச்சுங்க."

"எந்த வார்த்தை?"

"நீங்க சொல்லாத வார்த்தை. லாரியோட. முப்பது டன் கரி. கூட வந்தவன் உள்ளயே போயிட்டான்."

லியென் தேநீர்க் கெண்டியை எடுத்து, கெங்கின் கோப்பையில் தன் கையால் ஊற்றினார். ஆஃபெங் அதைப் பார்த்து மேல்பொத்தானைக் கழற்றினான். யுன் மூச்சு விட்டாள்.

அப்போது அலுவலகம் வந்தது.

துணைப் பிரிவுத் தலைவர் நியெ ஒடிசலான பெண்மணி. சாம்பல் நிற ஜாக்கெட். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, கன்னத்தோரம் மைக். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும். அவரும் மெதுவாகத்தான் பேசினார். பின்னால் இரண்டு பேர் ஒரு பெரிய பேசினைத் தூக்கி வந்தார்கள். இருவரும் கதவை அடைக்கிற அகலம். அலுவலகத்தில் அவர்களுக்கு நம்பிக்கை உதவியாளர் என்று பெயர்.

பேசினில் ஒரு களவா மீன். மூன்று கிலோ இருக்கும். வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"கூண்டுல வளத்த மீனு," என்றார் லியென் வெறுப்பாக.

"பயணி யாரு?" என்றார் நியெ.

கெங் எழுந்தார். பழக்கதோஷத்தில் லைசென்ஸை எடுக்கப் பாக்கெட்டில் கை விட்டார்.

"உக்காருங்க. முதல்ல வரவேற்பு உரை. நின்னுக்கிட்டுக் கேக்கக் கூடாது." நியெ தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கியும் செருமியது. "மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு பயணி உயிர் மீனைக் கை காட்டினார். சமையல்கட்டுக்குள்ள போனது உயிர் மீன். மேசைக்கு வந்தது முந்தாநேத்துச் செத்த மீன். அவர் வீடியோ போட்டார். நாலு கோடி பேர் பாத்தாங்க. முன்னாடி எல்லாம் அப்படித்தான். திரைக்குப் பின்னாடி யாரோ ஒரு சமையல்காரன், ஒரே அடி, முடிஞ்சுது. பயணிக்கு ஒண்ணும் தெரியாது. அத்தனையும் புரட்டு."

லியென் திரும்பி, தரையில் துப்பினார்.

"இப்ப எல்லாம் வெளிப்படை. பயணியே பாக்கறார், பயணியே அடிக்கறார், பயணியே கையெழுத்துப் போடறார். அப்புறமும் ஏதாவது தப்பு நடந்தா அது அவரோட தப்பு. இதுக்குப் பேர்தான் நம்பிக்கை."

மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று கெங்குக்குப் பட்டது.

"இப்ப புகார் எதுவும் வர்றதில்லைங்களா?"

"ஒண்ணுகூட இல்ல. நாப்பத்தோராவது விதிதான் புகார். முதல் நாப்பதையும் முடிச்சவங்களுக்குத்தான் அந்தப் படிவம்."

"யாருமே முடிக்கலீங்களா?"

"இதுவரைக்கும் ஆம்புலன்ஸ் முந்திக்குது," என்றார் நியெ பெருமையாக.

உதவியாளர்கள் மீனை மேசை நடுவில் கொட்டினார்கள். மீன் வாலால் அடித்தது. சோயா சாஸ் கிண்ணம் பறந்து யுன்னின் புது உடுப்பில் கவிழ்ந்தது. கெங் விதிப்படி, "மீன் உயிரோடு இருக்கிறது," என்று மூன்று முறை சொன்னார். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அடிங்க."

கெங் வாழ்க்கையில் இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கட்டையை ஓங்கினார். முதல் அடி மேசையில். இரண்டாவது அடி மீனின் முதுகில். மீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பார். மூன்றாவது அடியில் ஒரு கண் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. வாய் இன்னும் திறந்து மூடியது.

"கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு விரல் தள்ளி," என்றார் லியென் முணுமுணுப்பாக. "ஒரே போடு."

"உடன் வந்தோர் யோசனை சொல்லக் கூடாது," என்றார் நியெ. "பதிமூணாவது விதி. மூணு அடிக்கு மேல போகணும்னா கூடுதல் அடிகளுக்கான விண்ணப்பம் வேணும்."

விண்ணப்பம் வந்தது. கெங் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'சாகவில்லை' என்று எழுதினார். மீன் பக்கத்தில் துடித்தபடி அவர் கையெழுத்தை நனைத்தது. இரத்தம் பட்ட தாள் செல்லாது என்று இரண்டாவது தாள் கொடுத்தார்கள்.

நாலு, அஞ்சு, ஆறு. புன்னகை போதவில்லை என்று நியெ நினைவூட்டினார். கெங் பல்லைக் காட்டினார். மீசையில் செதில் ஒட்டியிருந்தது. ஏழாவது அடி ஓங்கும்போது மீன் கடைசி மூச்சில் ஒரு துள்ளு துள்ளி லியெனின் மடியில் விழுந்தது. லியென் வலது கையால் அதை மேசையில் அமுக்கினார். கட்டை ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது.

முறுக்கை ஒடிப்பது போல ஒரு சத்தம்.

மண்டபத்தில் உள்ளூர்க்காரர்கள் தின்பதை நிறுத்தினார்கள். பயணிகள் மட்டும் நிறுத்தவில்லை. டப், டப்.

லியென் தன் கையைப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் வேறு யாரோ வைத்துவிட்டுப் போனவை மாதிரி பக்கவாட்டில் கிடந்தன.

"ஐயோ, ஐயா..." என்றார் கெங். கட்டை கையிலிருந்து நழுவியது.

"விடுங்க," என்றார் லியென். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. குரல் மாறவில்லை. "கை ரெண்டு இருக்கு. படகு ஒண்ணுதான். முதல்ல அந்தச் சனியனைக் கொல்லுங்க. நான் சொன்ன எடத்துல."

கெங் கட்டையை எடுத்து, கண்ணுக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளிப் போட்டார். மீன் அடங்கியது.

"இறந்த நேரம் பன்னிரண்டு ஆறு," என்றார் நியெ. எழுதினார். பிறகு லியெனின் கையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். "விரலுக்கு இதுல கட்டம் இல்ல. 'உடன் வந்தோர் பங்களிப்பு'ன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுக்கறேன்."

யுன் ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். லியெனின் விரல்களை நேராக இழுத்தாள். லியென் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சாப்ஸ்டிக்கை வைத்து, தன் தலை ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

"மாமா, ஆறு வாரம் அசைக்கக் கூடாது."

"நாளைக்கு வலை இழுக்கணும்."

"அசைச்சா விரல் கோணலா கூடும்."

"எங்கப்பனுக்கும் கோணல்தான்," என்றார் லியென். ஆனால் யுன் கட்டியதை இப்படியும் அப்படியும் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கா."

முதலாளியம்மா வந்து மீனைக் குடல் எடுத்துக் கழுவி, முழுசாக அகன்ற குண்டானில் இறக்கினாள். இஞ்சியும் மட்டியும் போட்ட வெள்ளைச் சாறு தளதளவென்று கொதித்தது. மீன் அதில் பக்கவாட்டில் படுத்தது. நல்ல கண் மேலே பார்த்தது.

ஆவி எழுந்தது. கொஞ்ச நேரம் மனிதர்கள் சாப்பிட வந்த இடம் போலவே இருந்தது.

லியென் இடது கையால் சாராயக் கோப்பையைத் தூக்கினார். இந்த ஊரில் பையனின் தகப்பன் அந்தக் கோப்பையைக் குடித்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"லாரிக்காரரே," என்றார். "உங்க பொண்ணு கட்டு நல்லா போடுது. உங்க அடிதான் சரியில்ல. பரவால்ல. நான் பொண்ணைத்தானே எடுக்கறேன்."

கோப்பை உதட்டுக்குப் போனது.

"கொஞ்சம் நில்லுங்க," என்றது ஒலிபெருக்கி. "இருபத்துமூணாவது விதி பாக்கி இருக்கு."

நியெ ஒரு நீண்ட இடுக்கியை கெங்கின் முன்னால் வைத்தார். புத்தகத்தைத் திறந்து வாசித்தார்.

"'குண்டானில் மீன் இறங்கியதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள், பயணி தன் சொந்தக் கையால் மீனைப் புரட்டி, மறுபக்கமும் அதே மீன்தான் என்று உறுதி செய்துகொள்வார்.'"

லியெனின் கோப்பை நின்றது. சாராயம் விளிம்பில் ஆடியது.

"அது வேணாங்க," என்றார் கெங். "நான் உறுதியா இருக்கேன்."

"எப்படி? நீங்க பாக்கலியே."

"அடிச்சவனே நான்தானேம்மா. எல்லாப் பக்கமும் பாத்தேன்."

"அப்ப அது உயிரினம். இப்ப அது உணவு. வேற பிரிவு." நியெ பொறுமையாகச் சொன்னார். "மேல்பக்கம் மீனா இருந்து, கீழ்ப்பக்கம் வேற ஏதாவதா இருந்தா? பாதி நம்பிக்கையோட நீங்க ஊர் திரும்பலாமா?"

"தலைவரம்மா," என்றாள் முதலாளியம்மா, கையைப் பிசைந்துகொண்டு. "இவங்க தொழிலுக்குப் போறவங்க. நாளைக்குப் படகு. கொஞ்சம் பாத்து..."

"இந்தக் கடைக்கு இந்த வருஷம் ரெண்டு எச்சரிக்கை இருக்கு. மூணாவது சீல்."

முதலாளியம்மா மறுபடி குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கப் போனாள்.

லியென் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இந்தப் புஸ்தகத்தை எழுதினது யாரு? கடல்காரன் ஒருத்தனாவது இருந்தானா?"

"ஒன்பது பேர் குழு," என்றார் நியெ. "ஒருத்தரும் மீன் சாப்பிடறவங்க இல்ல. எனக்கே அந்த வாடை ஆகாது. அதனாலதான் நடுநிலையா எழுத முடிஞ்சுது. கடல்காரங்களைச் சேத்தா அவங்க அனுபவத்தை எல்லாம் கொண்டு வந்துடுவாங்க."

லியென் கெங்கின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"லாரிக்காரரே, நான் மிரட்டலை. நாளைக்கு நானும் என் ஒரே மகனும் ஒரே படகுல போறோம். இன்னிக்கு இந்த மீன் அந்தப் பக்கம் போச்சுன்னா நாங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் போயிடுவோம். அப்புறம் பொண்ணு, மாப்ள, பேச்சு எதுவும் கிடையாது. உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். இருந்தாலும்."

"அப்பா..." என்றான் ஆஃபெங்.

"நீ பொத்து."

யுன் தன் தகப்பனைப் பார்த்தாள். கெங் இடுக்கியை எடுத்து, கவனமாக, தரையில் வைத்தார்.

"நான் செய்ய மாட்டேங்க."

"செய்யலைன்னா நாகரிகமற்ற பயணிகள் பட்டியல்ல பேர் ஏறும். மூணு வருஷம் ரயில் டிக்கெட் கிடைக்காது."

"லாரியில போய்க்கறேன்."

நியெவுக்கு வருத்தம்தான். அது முகத்தில் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணே முக்கால் நிமிஷம் இருக்கு. பயணிக்குத் தயக்கம். உதவி பண்ணுங்க."

இரண்டு நம்பிக்கை உதவியாளர்களும் நகர்ந்தார்கள். ஒருவன் கெங்கின் கழுத்தை முழங்கையில் வளைத்தான். இன்னொருவன் இடுக்கியை எடுத்து அவருடைய வலது கையில் திணித்து, விரல்களைத் தன் கைக்குள் வைத்து மூடினான். எலும்பு நெரிந்தது.

"சொந்தக் கையாலன்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள் யுன்.

"கை அவரோடதுதான்," என்றார் நியெ. "நாங்க ஒத்தாசை மட்டும்தான் பண்றோம்."

ஆஃபெங் மேசையைத் தாண்டிப் பாய்ந்தான். கழுத்தைப் பிடித்திருந்தவன் விடாமலே ஒரு காலால் உதைத்தான். ஆஃபெங் பாலர் பள்ளி டீச்சர்களின் மேசையில் போய் விழுந்தான். இறால் அவன் காதைப் பிடித்துக்கொண்டது. மூத்த டீச்சர், பதினொன்றாவது விதியை மதித்து, அவனைப் பார்க்காமலேயே இறாலை அடித்தார். பாதி அடி அவன் தலையில் விழுந்தது.

இடுக்கி குண்டானுக்கு மேலே வந்துவிட்டது. கெங் கையைப் பின்னால் இழுத்தார். இழுக்க இழுக்க முன்னால் போனது. இடுக்கியின் நுனி சாற்றில் இறங்கி மீனின் முதுகைக் கவ்வியது. மீன் ஒரு பக்கம் எழும்பியது. வெளிறிய வயிறு தெரிய ஆரம்பித்தது.

லியென் கண்ணை மூடிக்கொண்டார்.

கெங் யோசித்ததாகச் சொல்ல முடியாது. இடது கையைக் கொதிக்கிற குண்டானுக்குள் விட்டார். மணிக்கட்டு வரை. மீனைப் பிடித்தார். கட்டை விரல் மேலே, நாலு விரலும் அடியில். கீழே அமுக்கினார்.

கத்தினார். அது மனிதக் குரலாக இல்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்கிற லாரியைப் போல இருந்தது. கத்திக்கொண்டே அமுக்கினார். உதவியாளன் இடுக்கியை முறுக்கினான். மீன் அசையவில்லை. சாறு கெங்கின் முழங்கை வரை தெறித்தது. தோல் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு ரப்பர் கையுறையைப் போலச் சுருங்கியது.

"விடுய்யா, கை வெந்துபோகுது!" என்றான் உதவியாளனே பயந்துபோய்.

"நீ விடு!"

லியென் கண்ணைத் திறந்தார். பார்த்தார். முத்திரை போட்ட கட்டையை இடது கையால் எடுத்தார். அவருக்கு இடம் தெரியும். உதவியாளனின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி ஒரே போடு. அவன் சத்தமில்லாமல் உட்கார்ந்து, அப்படியே படுத்தான். கழுத்தைப் பிடித்திருந்தவன் திரும்பினான். அடுத்த அடி அவன் வாயில். இரண்டு பற்கள் மட்டிச் சிப்பிகளோடு குண்டானில் விழுந்தன. பின்னால் சாய்ந்தவன் நியெவின் மேல் மோத, அவருடைய இடுப்பிலிருந்த ஒலிபெருக்கி அறுந்து அதுவும் சாற்றில் விழுந்தது. அது கொஞ்ச நேரம் குமிழி விட்டுக்கொண்டே நல்வரவு சொல்லிவிட்டு அணைந்தது.

டப், டப், என்று தேனிலவுப் பெண் இன்னும் விலாங்கை அடித்துக்கொண்டிருந்தாள்.

யுன் தகப்பனின் கையை வெளியே இழுத்தாள். பனிக்கட்டி வேண்டாம், தண்ணீர் என்று கத்தினாள். முதலாளியம்மா மீன் தொட்டியின் குழாயையே பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். கெங் பற்களைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் கையை நீட்டினார். அவர் கண் குண்டானில் இருந்தது. மீன் வைத்தது வைத்தபடி படுத்திருந்தது. நல்ல கண் மேலே பார்த்தது.

நியெ எழுந்து ஜாக்கெட்டைத் தட்டிவிட்டார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்துதான் பேச வேண்டியிருந்தது.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது," என்றார். "மீன் வெந்துடுச்சு. இனிமே தொட்டா உடையும். உடைஞ்ச மீன் படிவத்துல ஒட்டற படத்துல நல்லா வராது." குனிந்து கெங்கின் கையைப் பார்த்தார். "உங்க நாலு விரலும் மீனுக்கு அடியிலதானே இருந்துச்சு?"

கெங் தலையசைத்தார்.

"என்ன இருந்துச்சு அங்க?"

"மீன்."

நியெவின் முகம் மலர்ந்தது. படிவத்தில் எழுதியபடியே வாசித்தார். "'மறுபக்கம், பயணியின் சொந்தக் கையால் தொட்டு உறுதி செய்யப்பட்டது.' இது குழுவுக்குத் தோணவே இல்ல பாருங்க. பாக்கறதைவிடத் தொடறது இன்னும் நம்பகமானது. அடுத்த பதிப்புல எல்லாப் பயணிகளுக்கும் சேத்துடலாம்."

கெங்கின் வலது கையில் பேனாவைக் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டார். நியெ தாளை ஊதிக் காய வைத்து, கீழே கிடந்தவனின் மேல் கால் படாமல் தாண்டி, பேய்க்கணவாய்க்காரரின் மேசைக்குப் போனார். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. நிறைய பேர் இருந்தார்கள்.

ஆஃபெங் காதைப் பொத்திக்கொண்டு வந்து யுன்னின் பக்கத்தில் மண்டியிட்டான். குழாயை வாங்கிக்கொண்டான். அவள் தகப்பனின் கையிலிருந்து செதில்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

லியென் கட்டையை மேசையில் வைத்தார். குண்டானிலிருந்து பல்லையும் ஒலிபெருக்கியையும் கரண்டியால் எடுத்து ஓரமாகப் போட்டார். மீனின் மேல்பக்கத்திலிருந்து, கன்னத்துச் சதையை அலுங்காமல் வழித்து, கெங்கின் கிண்ணத்தில் வைத்தார். பிறகு தன் கோப்பையைத் தேடினார். அது கவிழாமல் இருந்தது. இடது கையால் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

கெங்கின் எதிரே வந்து குந்தினார். ரிப்பன் கட்டிய தன் வலது கையை, தண்ணீருக்கடியில் இருந்த அந்த இடது கையின் பக்கத்தில் நீட்டி இரண்டையும் பார்த்தார்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் படகு எடுக்கணும்," என்றார். "எனக்கு இடது கை இருக்கு, உங்களுக்கு வலது கை இருக்கு. ரெண்டும் சேந்தா ஒரு ஆளு. வர்றீங்களா, சம்பந்தி?"